வில்லங்கச் சான்றில் வராத பெயர்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையிலே ஒரு வளைவு நிற்கிறது. வாயில் உண்டு, வீடு இல்லை! 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு அந்த நுழைவாயில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. நுழைந்து பார்க்கலாமே என்று போனால், அங்கே மனைகள், மதில்கள், மாடி வீடுகள். படம்பிடித்த கூடம் எங்கே? பாட்டுக்கு மெட்டமைத்த அறை எங்கே? எல்லாம் சதுர அடிக் கணக்கில் கரைந்து போயின.

திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர் டி. ஆர். சுந்தரம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்று நெசவுத் தொழில் படித்துத் திரும்பியவர். தறி ஓட்டப் படித்தவர், படம் ஓட்ட வந்தார்! 1935இல் சேலத்திலே மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். சென்னையிலே இருந்தால்தான் சினிமா என்று ஊர் உலகம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மலையடிவாரத்திலே ஒரு முழுத் தொழிற்சாலையையே எழுப்பினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் இங்கிருந்து புறப்பட்டதுதான். 1950இல் 'மந்திரிகுமரி', உரையாடல் கலைஞர் மு. கருணாநிதி, கதாநாயகன் எம். ஜி. இராமச்சந்திரன், இயக்கத்திலே சுந்தரத்தோடு கைகோத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் 'வளையாபதி'க்கு உரையாடல் எழுதியதும் இந்த நிறுவனத்துக்காகத்தான், ஆண்டு 1952. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று பேர் வாங்கிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது. முதலமைச்சர்களாகப் பின்னாளில் நாட்டை ஆண்ட இருவர், மாதச் சம்பளக்காரர்களைப் போல் மணி பார்த்து வந்து போன இடம், தோழர்களே, அது!

1963இல் சுந்தரம் மறைந்தார். அதற்குப் பின் இருபது ஆண்டுகள்கூட அந்தக் கூடத்தின் விளக்குகள் நிலைத்து எரியவில்லை. நிலம் விலைக்கு வந்தது; மனைகளாகப் பிரிந்தது; வீடுகள் எழுந்தன. வாங்கியவர்களைக் குறை கூற நாம் வரவில்லை. பணம் கொடுத்தார்கள், பத்திரம் பதிந்தார்கள், பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள். விற்றவர்களையும் ஏசமாட்டோம். ஓடாத தொழிற்சாலைக்கு வரி கட்டிக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்? நாம் கேட்கும் கேள்வி வேறு. அந்த இடம் விலைக்கு வந்தபோது, அது என்ன இடம் என்று சொல்ல, விற்பனைப் பத்திரத்திலே ஒரு வரியாவது இருந்ததா?

இருக்காது. இருக்கவும் முடியாது. ஏன் என்பதுதான் இன்றைக்கு நாம் பேச வந்த பொருள்.

பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்ப்பேட்டையிலோ, அஸ்தம்பட்டியிலோ, பணக்காரர் பகுதியாகிவிட்ட ஃபேர்லாண்ட்ஸிலோ இருக்கட்டும். தேக்குத் தூண், திண்ணை, மெட்ராஸ் ஒட்டுத் தளம், முற்றத்திலே கிணறு, மாடியிலே மரக்கைப்பிடி. பார்த்தால் பசி தீரும். தரகர் வருகிறார். தூணைப் பார்ப்பாரா அவர்? தெருவைப் பார்ப்பார்! முகப்பு எத்தனை அடி, சாலை எத்தனை அடி, தண்ணீர் உண்டா, கார் திரும்புமா? பிறகு பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு. அது தெருவுக்குத் தெரு, சர்வே எண்ணுக்குச் சர்வே எண் வேறுபடுமேயன்றி, வீட்டுக்குள் யார் வாழ்ந்தார் என்று விசாரித்து வேறுபடுவதில்லை. அடுத்து வில்லங்கச் சான்று. யார் யாருக்கு விற்றார், எந்த ஆண்டில் அடமானம் வைத்தார், எப்போது மீட்டார், எல்லாம் அதிலே வரிசையாக வரும். அந்த வீட்டிலே வாடகைக்கு இருந்து, விளக்கு வைத்துக்கொண்டு விடிய விடிய எழுதியவர் பெயர் மட்டும் வராது.

வரலாறு பெரும்பாலும் வாடகை வீட்டிலே குடியிருந்திருக்கிறது! திருவல்லிக்கேணியிலே பாரதி கடைசி நாட்களைக் கழித்த வீடு பாரதிக்குச் சொந்தமா? இல்லை. குடக்கூலிக்காரர் அவர். தமிழ்நாடு அரசு அந்த வீட்டை 1993இல் விலை கொடுத்து வாங்கியது. 1921இல் கவிஞர் கண்மூடினார். அவர் இருந்த வீட்டைக் காப்பாற்ற எழுபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதுவரை அந்தச் சுவர் இடியாமல் நின்றதே, அதை நல்வாய்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

வாடகைக்காரர் கதைகளில் பெரியது ஒன்று உண்டு. அதற்கு இலண்டன் வரை போக வேண்டும். சேலத்துக்காரனுக்கு இலண்டன் வீட்டிலே என்ன வேலை என்று எண்ண வேண்டாம். போய்த் திரும்பும்போது நம் ஊருக்குத் தேவையான ஒரு பாடத்தைக் கையோடு கொண்டுவரலாம்.

இலண்டனின் வடமேற்கே பிரிம்ரோஸ் ஹில் என்ற பகுதி. பசும்புல் குன்று, அதைச் சுற்றிச் செல்வந்தர் வீடுகள். அங்கே கிங் ஹென்றி சாலை, 10ஆம் எண். தெருவை ஒட்டி வரிசையாக எழுந்து நிற்கும் மாடி வீடுகளில் ஒன்று. 1921, 1922 ஆண்டுகளில் அந்த வீட்டிலே ஓர் இந்திய மாணவர் தங்கியிருந்தார். முப்பது வயது. கையில் காசு கிடையாது. பம்பாய்க் கல்லூரி ஒன்றிலே ஆசிரியராயிருந்து மிச்சம் பிடித்த பணமும், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் செய்த உதவியுமே துணை. காலையிலே நூல் நிலையத்துக்குப் போனால் இருட்டிய பிறகே திரும்புவார். இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலே படிப்பு. இன்னொரு பக்கம் வழக்கறிஞர் தொழிலுக்கான பயிற்சி. ரூபாயின் சிக்கலைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி 1923இல் நூலாக வந்தது. அவர் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர்.

ஊரிலே பொதுக் குளத்துத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று தள்ளி வைக்கப்பட்ட குலத்திலே பிறந்தவர், இலண்டனிலே உலக நாணயச் சந்தையின் உள்ளும் புறமும் அலசிக்கொண்டிருந்தார்! 1927இல் மகத் நகரத்துக் குளத்திலே இறங்கித் தண்ணீர் எடுக்கத் தம் மக்களை அழைத்துச் சென்றவரும் அவர்தான். 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றி அவர் எழுதி, பேச அழைத்தவர்களே பேசவிடாமல் தடுத்துவிட்ட உரையை, காவிரிக்கு அக்கரையிலே ஈரோட்டிலிருந்து வெளிவந்த 'குடி அரசு' தமிழிலே தந்தது. நாமக்கல் கரையிலே நின்று பார்த்தால் ஈரோடு கண்ணுக்கெட்டும் தூரந்தானே. ஆகவே கிங் ஹென்றி சாலை வீடு நமக்கு முற்றிலும் அந்நியம் என்று சொல்லிவிட முடியாது.

அந்த வீடு 2014இல் விலைக்கு வந்தது. சந்தையிலே வந்தபோது அதன் விலையை யார் நிர்ணயித்தார்? அம்பேத்கரா? இல்லை, பிரிம்ரோஸ் ஹில்! அந்தத் தெருவிலே அடுத்த வீடு என்ன விலைக்குப் போகுமோ, அதே விலைதான் இதற்கும். பெயருக்காக ஒரு பவுன் கூடவுமில்லை, ஒரு பவுன் குறையவுமில்லை. ஆனால் அந்த வீட்டுச் சுவரிலே ஒரு சிறிய வட்டப் பலகை பதிக்கப்பட்டிருந்தது: இன்னார் இன்ன ஆண்டுகளில் இங்கே வாழ்ந்தார் என்று. அந்தப் பலகையைத் தெரிந்து வைத்திருந்தவர்கள், இங்கிலாந்திலே வாழும் அம்பேத்கர் பற்றாளர்கள், பௌத்த அமைப்பினர். உழைத்துப் பிழைக்கப் போனவர்கள். வீடு விலைக்கு வந்தது என்றதும் அவர்கள் வாய்மூடிக் கிடக்கவில்லை. மகாராட்டிர அரசின் கதவைத் தட்டினார்கள். கடிதம் போட்டார்கள், நினைவூட்டினார்கள், மறுபடியும் நினைவூட்டினார்கள். அரசாங்க யானை மெல்ல எழுந்தது. 2015இல் சுமார் 31 இலட்சம் பவுனுக்கு, நம் கணக்கிலே முப்பது கோடி ரூபாய்க்கு மேல், அந்த வீடு மகாராட்டிர அரசின் சொத்தாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் பிரதமர் நரேந்திர மோடி அதைத் திறந்து வைத்தார்.

இதோடு கதை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். வாங்கியவர்கள் ஒன்றை மறந்தார்கள். குடியிருக்கும் வீட்டை நினைவகம் ஆக்குவதென்றால், அந்த ஊர் நகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். திறப்பு விழா நடந்தது, அனுமதி வாங்கப்படவில்லை! நம் ஊர் வழக்கம் இலண்டன் வரை கப்பல் ஏறிவிட்டது, என்ன செய்ய! அக்கம்பக்கத்தார் சிலர், 'பேருந்திலே ஆட்கள் வருகிறார்கள், சத்தம் போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள்' என்று முறையிட்டனர். கேம்டன் நகராட்சி, குடியிருப்பு இடம் ஒன்று குறைந்துபோகிறது என்று காரணம் காட்டி 2018இல் அனுமதி மறுத்தது. மேல்முறையீடு, 2019இல் விசாரணை, வழக்கறிஞர்கள் வாதம். கடைசியில் 2020 மார்ச்சில், இங்கிலாந்து அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக், நினைவகமாக இருக்கலாம் என்று தீர்ப்பளித்தார். ஐந்தாண்டு இழுபறி. வீட்டை வாங்குவதிலே காட்டிய அக்கறையிலே பத்திலொரு பங்கைத் தாளிலே காட்டியிருந்தால் இந்த அலைச்சல் வந்திருக்காது.

பலகையைப் பற்றிச் சொன்னோமல்லவா? இலண்டனிலே பெரியோர் வாழ்ந்த வீடுகளுக்குப் பலகை பதிக்கும் பழக்கம் 1860களிலே தொடங்கியது. முதற் பலகை 1867இல், கவிஞர் பைரன் பிறந்த வீட்டுக்கு. அந்த வீட்டை 1889இல் இடித்தார்கள்! பலகையும் போயிற்று, வீடும் போயிற்று. ஆகையால் பலகை வைத்துவிட்டால் வீடு பிழைத்துவிடும் என்று ஏமாற வேண்டாம். பலகை வீட்டைக் காப்பாற்றாது. காப்பாற்றக்கூடிய மனிதரைக் கூப்பிடும், அவ்வளவுதான். பைரன் வீட்டிலே கூப்பிட்டது; எவரும் வரவில்லை. கிங் ஹென்றி சாலையிலே கூப்பிட்டது, வந்தார்கள்.

பம்பாயிலே நேர்ந்ததைப் பாருங்கள். மலபார் குன்றின்மேல் கடலைப் பார்த்து நின்ற மாளிகை 'மெக்ராங்கீர்'. அணு ஆராய்ச்சியிலே இந்தியாவைக் கால் ஊன்றவைத்த ஹோமி பாபா வாழ்ந்த வீடு. 1966இல் விமான விபத்திலே அவர் மாண்ட பிறகு தம்பி ஜாம்ஷெட் பாபா பேணி வந்தார். 2007இல் அவரும் போனார். வீடு அவர் வளர்த்த கலை நிறுவனத்துக்குப் போயிற்று. நிறுவனத்துக்குப் பணம் தேவை. 2014 சூனில் ஏலம். 372 கோடி ரூபாய்! அணு நிலையத்து ஊழியர்கள், 'இதை நினைவகம் ஆக்குங்கள்' என்று நீதிமன்றம் வரை போனார்கள். பயனில்லை. 2016இல் மாளிகை தரைமட்டம். கிங் ஹென்றி சாலை வீடும் மெக்ராங்கீரும் விலைக்கு வந்தது ஒரே ஆண்டிலே. அதிலே மாணவர் வாடகைக்கு இருந்த வீடு நிற்கிறது; இதிலே அறிவியல் மேதை தம் சொந்த வீடாக வாழ்ந்த மாளிகை மண்ணாயிற்று. அம்பேத்கர் வீட்டுக்காகக் கூவியவர்கள் ஏழைகள்தாம். ஆனால் வாங்கும் வல்லமை உள்ள ஓர் அரசைக் கட்டி இழுத்துவந்தார்கள். பாபா வீட்டுக்காகக் கூவியவர்கள் படித்தவர்கள். மனு எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள், ஆனால் ஏலத்திலே கை தூக்க அவர்கள் பக்கத்தில் ஓர் அரசு இல்லை.

'அப்படியானால் எல்லாவற்றையும் அரசே வாங்கட்டும்' என்பாரும் உண்டு. பொறுங்கள், அதிலும் கண்ணி இருக்கிறது. சென்னை போயஸ் தோட்டத்து 'வேதா நிலையம்' நினைவிருக்கிறதா? 1967இல் வாங்கப்பட்ட வீடு. முதலமைச்சர் ஜெயலலிதா வாழ்ந்தது. அவர் மறைந்த பிறகு, 2020இல் அரசு அதைக் கையகப்படுத்தி, 67.9 கோடி ரூபாயை நீதிமன்றத்திலே கட்டியது. வீடு விலைக்கு வரவில்லை. வாரிசுகள் விற்க விரும்பவில்லை. 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலைச் செல்லாது என்றது. கடற்கரையிலே பல கோடியில் ஒரு நினைவிடம் இருக்க, இன்னொன்று எந்தப் பொது நலனுக்கு என்று கேட்டது. சாவி வாரிசுகள் கைக்குப் போயிற்று. கட்சிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்கிறோம்: விற்க மறுப்பவரிடம் பறிப்பது வேறு, விற்க வந்தவரிடம் நியாய விலைக்கு வாங்குவது வேறு. முன்னதைச் செய்ய அவசரச் சட்டம் பிறந்தது. பின்னதைச் செய்ய ஒரு சுற்றறிக்கைகூடப் பிறக்கவில்லை.

உரிமையாளர் தாமே எழுதி வைத்துவிட்டால் சிக்கலே இல்லை. எம்.ஜி.ஆர். தம் இராமாவரம் தோட்டத்தைக் காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளின் பள்ளிக்கென உயிலிலே குறித்தார். கலைஞர், 1955இல் வாங்கிய தம் கோபாலபுரம் வீட்டை, தமக்கும் தம் துணைவியாருக்கும் பின் ஏழைகளுக்கான மருத்துவமனையாகட்டும் என்று 2010இல் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார். மந்திரிகுமரிக்காகச் சேலத்திலே சேர்ந்து உழைத்த இருவரும், இந்த ஒன்றிலே கடைசிவரை ஒத்துப்போனார்கள்! ஆனால் எல்லா வீட்டுக்காரரும் அரசியல் தலைவர் அல்லர். நாலு அண்ணன் தம்பி, மூன்று அக்காள் தங்கை, பாகப்பிரிவினை வழக்கு இருபது வருடம், கரையான் அரித்த உத்திரம், மழைக்கு ஒழுகும் தளம். இதுதான் நம் பழைய வீட்டுக்காரரின் நிலை. 'உங்கள் வீடு வரலாறு, விற்காதீர்கள்' என்று அவருக்கு உபதேசம் செய்வது, பசித்தவனிடம் போய் ஏகாதசியின் பெருமையைப் பேசுவதற்குச் சமம். அவருக்கு விலை வேண்டும். தெருவிலே என்ன விலையோ, அது வேண்டும். அதிலே தவறில்லை.

தவறு எங்கே என்றால், சட்டத்திலே. நாட்டின் பழஞ்சின்னச் சட்டம் 1958இல் வந்தது. நூறாண்டு நிறைந்ததைத்தான் அது பழஞ்சின்னம் என்று ஏற்கும். மாடர்ன் தியேட்டர்ஸுக்கு நூறு எப்போது நிறையும்? 2035இல்! வளைவுக்கு வயது போதவில்லையாம். வயது வருவதற்குள் வளைவுக்குப் பின்னாலிருந்ததெல்லாம் வீட்டுமனையாகிவிட்டது. மிச்சமிருக்கும் அந்த வளைவுக்கும் நிம்மதி உண்டா? அது நிற்கும் இடம் நெடுஞ்சாலைக்குச் சொந்தமா, தனியாருக்குச் சொந்தமா என்ற சச்சரவு 2023இல் செய்தித்தாள்களிலே அடிபட்டது. யாருக்குச் சொந்தம் என்பதை அளவுக்கல்லும் ஆவணமும் தீர்மானிக்கட்டும். நினைவுக்குச் சொந்தக்காரர்கள் சேலத்து மக்கள் என்பதை எந்த ஆவணத்திலே எழுதி வைத்தோம்?

தமிழ்நாட்டுக்கெனப் பாரம்பரிய ஆணையச் சட்டம் ஒன்று 2012இல் சட்டமன்றத்திலே நிறைவேறியது. நல்ல சட்டம், நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தப் பத்தாண்டிலே எத்தனை தேக்குத் தூண்கள் வண்டி ஏறின! காரைக்குடிக்குப் போய்ப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து, கதவு தனியே, தூண் தனியே, சீனப் பீங்கான் தனியே கடை விரித்திருப்பார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் புது பங்களா கட்டுகிறவர்கள் வந்து, ஒரு வாசக்காலை மட்டும் வாங்கிப்போய் வரவேற்பறையிலே மாட்டிக்கொள்கிறார்கள். யாரோ ஒருவரின் வீட்டு நிலைப்படி, யாரோ ஒருவரின் சுவருக்கு அலங்காரம்!

இங்கிலாந்திலே 2011இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஊர் மக்கள், 'இந்தக் கட்டடம் எங்கள் பொது வாழ்வுக்கு வேண்டியது' என்று நகராட்சியிலே முன்கூட்டியே பட்டியலில் சேர்க்கச் செய்யலாம். ஊர்க் கடை, நூலகம், கூடுமிடம், மதுக்கடைகூட! உரிமையாளர் அதை விற்க நினைத்தால் முதலில் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். ஊரார் வாங்க விரும்பினால், பணம் திரட்ட ஆறு மாதத் தவணை. அதற்குள் திரட்ட முடியாவிட்டால், அல்லது விலை ஒத்துவராவிட்டால், உரிமையாளர் தம் விருப்பம் போல் விற்கலாம். பறிப்பு இல்லை, கட்டாயம் இல்லை. ஆறு மாதம் மூச்சுவிட நேரம் மட்டும். குடியிருப்பு வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நம் நாட்டிலே, பட்டியலிட்ட சில வீடுகளுக்கு மட்டும் அதைப் பொருத்தினால் வானம் இடிந்துவிழுமா?

'வாழ்கிறவனுக்குக் குடிசை இல்லை, செத்தவனுக்கு வீடா?' என்று ஒரு தோழர் கேட்பார். நியாயமான கேள்வி; நாமும் கேட்டிருக்கிறோம். பூட்டிய அறை, தூசி படிந்த கண்ணாடிப் பெட்டி, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு கைத்தடி, வாயிலிலே தூங்கும் காவலர்: இப்படி ஆயிரம் நினைவகம் கேட்பவர்கள் அல்லர் நாம். நாமக்கல்லுக்குப் போனால் மறுமொழி கிடைக்கும். மோகனூரிலே பிறந்து நாமக்கல்லிலே வாழ்ந்த கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் வீடு நினைவு இல்லமாயிற்று; அதே வீடு நூலகமாகவும் நடக்கிறது. கவிஞரின் பெயரும் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைக்குப் படிக்க இடமும் இருக்கிறது. அவருடைய அரசியலும் நம் அரசியலும் ஒரே தடத்திலே போனவை அல்ல. அதனாலென்ன? தொரப்பள்ளியிலே, அன்றைய சேலம் மாவட்டத்திலே, இராசகோபாலாச்சாரியார் பிறந்த வீட்டையும் அரசு பேணுகிறது. அவர் கொள்கைகளோடு நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு. அவர் வீட்டுச் சுவரோடு நமக்கென்ன வழக்கு?

ஆனால் இந்த இருவரும் பெயர் பெற்ற பெரியவர்கள். 1944 ஆகஸ்ட் 27இல் சேலத்திலே நடந்த மாநாட்டிலேதான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆயிற்று. அந்த மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத் திண்ணை தந்த வீடுகள், சோறு போட்ட வீடுகள், கொடி தைத்த வீடுகள் எவை என்று சுட்டிக்காட்டக்கூடிய முதியவர்கள் நாளுக்கு நாள் குறைந்துவருகிறார்கள். அம்மாப்பேட்டை நெசவாளர் தெருவிலே, சங்கம் கூடிய வீடு என்று ஊரார் சொல்லும் வீடுகள் இருக்கும். மாடர்ன் தியேட்டர்ஸுக்கு வேலைக்கு வந்த எழுத்தாளரும் நடிகரும் ஒளிப்பதிவாளரும் வாடகைக்கு இருந்த அறைகள் இருக்கும். அவற்றின் பத்திரத்திலே வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கிறது. எழுதியவர் பெயரும் இல்லை, நடித்தவர் பெயரும் இல்லை, தைத்தவர் பெயரும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது கோடிகள் அல்ல. முதலில் கல் கேட்கிறோம். சேலம் மாநகராட்சியும் நாமக்கல் மாநகராட்சியும் திருச்செங்கோடு நகராட்சியும் தத்தம் வட்டாரத்திலே விசாரித்து, சான்று பார்த்து, வீட்டுக்காரர் ஒப்புதலோடு, வாசலிலே ஒரு சிறு கல் பதிக்கட்டும். இன்னார், இன்ன ஆண்டு, இங்கே இருந்தார். அவ்வளவு போதும். கட்சி பார்க்க வேண்டாம், சாதி பார்க்க வேண்டாம், பதவி பார்க்க வேண்டாம். வீட்டுக்காரர் மறுத்தால் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். ஒப்புக்கொண்டவருக்கு வீட்டு வரியிலே ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுக்கட்டும். ஒழுகும் தளத்துக்கு ஓடு மாற்ற அவருக்கு உதவும்.

இரண்டாவதாக, அந்தக் கல் வைத்த வீட்டின் சொத்துவரிப் பதிவேட்டிலே அதைக் குறித்து வைக்கட்டும். வில்லங்கச் சான்றிலும் அந்தக் குறிப்பு வரும்படி பதிவுத்துறை செய்யட்டும். அடமானத்தை எழுதுகிற அந்தத் தாளிலே அம்பேத்கரைப் போன்ற ஒரு குடித்தனக்காரரின் பெயரையும் எழுதினால் மை தீர்ந்துவிடாது. அந்த வீடு விலைக்கு வரும் நாளிலே நகராட்சிக்கு ஒரு தகவல், ஊராருக்கு ஆறு மாதம். வாங்க முடிந்தால் வாங்கட்டும். முடியாவிட்டால், இடிக்குமுன் அளவெடுத்து, படம் எடுத்து, அருங்காட்சியகத்திலே வைக்கட்டும். புதிதாக எழும் கட்டடத்தின் முகப்பிலே பழைய கல்லை மீண்டும் பதிப்பது வாங்குபவரின் பொறுப்பென்று பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.

இதைப் படிக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தாத்தா காலத்து வீட்டை விற்பதென்று முடிவு செய்துவிட்டீர்கள், தரகருக்கும் சொல்லியனுப்பிவிட்டீர்கள். விற்றுக்கொள்ளுங்கள். பத்திரம் பதியுமுன் ஒருநாள், வீட்டிலே மூத்தவர் யாராயிருந்தாலும் அவரைத் திண்ணையிலே உட்காரவைத்து, மாடி அறையிலே யார் குடியிருந்தார், எந்த வருடம் வந்தார், எங்கே வேலை செய்தார், வாடகை எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டு, ஒரு தாளிலே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பழைய வாடகை ரசீது, கடிதம், புகைப்படம் பரணிலே கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி வாங்குபவரிடம் கொடுங்கள். ஒரு பிரதி உங்கள் ஊர் நூலகரிடம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.